கர்னலின் நாற்காலிக்குப் பின்னால்

மார்ச் 6, சனி

மழை. விடிந்ததிலிருந்து விடவில்லை. பின் தோட்டத்தில் மகள் நித்யாவின் சைக்கிள் மிதக்காத குறை.

கோட் துணி வெட்டியாயிற்று. சாம்பல் நிறக் கம்பளி, தொட்டாலே அரிக்கிறது. கத்தரிக்கோல் மொண்ணை. இவருக்குத் தோள் அகலம், கை குட்டை. கடையில் கொடுத்த அளவுப் பேப்பரில் இருக்கிற அமெரிக்கச் சிப்பாய்க்குக் கை முழங்கால் வரை தொங்கும் போல. இரண்டு இடத்தில் நானே மாற்றி வரைந்தேன்.

எதற்கு இந்தக் கோட்? எல்லாம் இவருடைய பாஸ் டக் துரையால். வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் கம்பெனி மேனேஜர், சனி ஞாயிறு வந்தால் கர்னல். ஊருக்கு வெளியே ஒரு பார்க்கில் கூடாரம் அடித்து, நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன் இந்த நாட்டில் நடந்த உள்நாட்டுப் போரை நடித்துக் காட்டுகிறார்கள். சுடுகிறார்கள், செத்து விழுகிறார்கள், எழுந்து வந்து பார்பெக்யூ சாப்பிடுகிறார்கள். எல்லாம் தொப்பை விழுந்த ஆண்கள். இவரையும் சேரச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து இவருக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆபீஸ்ல வேற எந்த இந்தியனையும் கூப்பிடல, பாத்துக்கோ."

பார்த்துக்கொண்டேன். நவம்பரோடு விசா முடிகிறது. அதற்குள் கிரீன் கார்டு பேப்பரில் டக் கையெழுத்துப் போடாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பொங்கலிலிருந்து அந்தப் பேப்பர் அவர் மேஜையில் கிடக்கிறது. அதற்காகத்தான் கோட். அதற்காகத்தான் என் இடுப்பு வலி.

வாங்க: பால், கொத்தமல்லி, சாம்பல் நூல், பித்தளைப் பட்டன்.

மார்ச் 9, செவ்வாய்

வெயில், காற்று. லைப்ரரி நாள். என் விசாவில் வேலை பார்க்கக் கூடாது, சும்மா உழைக்கலாம். செவ்வாய், வியாழன் புத்தகம் அடுக்குகிறேன்.

குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொள்கிற டெனிஸிடம் கோட் தைக்கிற பெருமையை அளந்தேன். கறுப்பினப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், இந்த ஊரில் என் பெயரைச் சரியாகச் சொல்கிற ஒரே ஆள். பழைய போர் டிராமாவுக்குப் பட்டாளத்துக் கோட், ஏப்ரலில் ஷோ, நீங்களும் வாருங்கள் என்றேன். நம் பழக்கம், எதற்கும் எல்லோரையும் அழைத்துவிடுவது.

"என்ன நிறம்?" என்று கேட்டார்.

"சாம்பல்."

"ம்." அவ்வளவுதான். கையிலிருந்த புத்தகங்களை அடுக்கப் போய்விட்டார்.

நிறத்தைச் சொன்னதும் முகம் ஏன் போகவேண்டும்? நான் என்ன திருடியா தைக்கிறேன். வீடு வரும்வரை எரிச்சல். சாம்பாரில் புளி கூடிவிட்டது.

மார்ச் 11, வியாழன்

டெனிஸ் ஒரு புத்தகத்தை என் பைக்குள் வைத்தார். சின்னப் பிள்ளைகள் படிக்கிற படப் புத்தகம். மத்தியானம் இரண்டு காஜா போட்டுவிட்டு உட்கார்ந்தேன், மூன்றாவது காஜா போடவில்லை.

விஷயம் இதுதான். தெற்கு மாநிலங்கள் பிரிந்து போயின, மனிதர்களை விலைக்கு வாங்கி வயலில் வேலை வாங்குவதை விடமாட்டோம் என்று. நாங்கள் இருக்கிற இந்த டெக்ஸாஸும் அந்தக் கூட்டத்தில். நீலக் கோட் போட்டவர்கள் எதிர்த்து வந்தவர்கள். பிரிந்து போனவர்கள் சாம்பல். அடிமைகளை வைத்துக்கொள்ளச் சண்டை போட்டவர்களுக்கு நான் உட்கார்ந்து காஜா போட்டுக்கொண்டிருக்கிறேன். டெனிஸை ஷோவுக்கு வேறு அழைத்தாயிற்று. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

இவர் வந்ததும் கேட்டேன். மாநில சுயாட்சிக்காகத்தான் போர் என்று டக் சொன்னாராம். எதைச் செய்ய சுயாட்சி என்று கேட்டால், சாம்பாரில் உப்பு இல்லை என்கிறார்.

"எல்லாம் டிராமாதான கோமதி. திருச்செந்தூர்ல சூரபத்மன் வேஷம் கட்டுதவன் வீட்ல இப்படியா கேள்வி கேக்காங்க?"

சூரபத்மன் வேஷம் கட்டுகிறவன், சூரபத்மன் செய்தது சரி என்று லாரிக்குப் பின்னால் கொடி ஒட்டிக்கொண்டு திரிவதில்லை. டக் திரிகிறார். அந்தக் கொடி புத்தகத்தில் இருக்கிறது. இத்தனை நாள் அதை ஃபுட்பால் டீம் கொடி என்று நினைத்திருந்தேன்.

நித்யா ஐந்தாம் வகுப்பு. எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "அப்பா, யூ நோ தே லாஸ்ட், ரைட்?" என்றாள். தோற்ற கட்சி என்றதும் இவர் முகம் கொஞ்சம் வாடியது. அதுதான் உறைத்தது, மற்றது உறைக்கவில்லை.

மார்ச் 14, ஞாயிறு

மேகமூட்டம். இவருடைய நண்பர் ராமநாதன் வீட்டில் சாப்பாடு. கூட்டம், சத்தம், பிளாஸ்டிக் தட்டு. வத்தக்குழம்பு மட்டும் நன்றாக இருந்தது.

இவர் போர் டிராமா கதையை எடுத்துவிட்டார். ராமநாதன் சொன்னார், "நாமளே ஸ்லேவ்ஸ்தான் சார். ஹெச் ஒன் விசா ஸ்லேவ்ஸ். ஓனர் மாத்த முடியுமா? விட்டுட்டு ஓட முடியுமா?" எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாசலில் அவருடைய இரண்டு கார், அதில் ஒன்று புதிசு. மாடியில் ஹோம் தியேட்டர். அடிமையாம்.

நானும் சிரித்தேன் என்பதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். பழக்க தோஷம், பல் தானாகத் தெரிந்துவிடுகிறது.



மார்ச் 22, திங்கள்

கோட் போயிற்று.

அறியாமல் தொடங்கினேன், அறிந்து முடித்தேன். கையெழுத்து வேண்டுமே. நேற்று ஒத்திகை டிரில்லுக்குப் போட்டுக்கொண்டு போனவர் பனியனோடு வந்தார். டக்குடைய அக்கா மகன் கோட் இல்லாமல் வந்தானாம், கழற்றிக் கொடுத்துவிட்டாராம். இவர் கைக்கு அளவெடுத்து நான் மாற்றி வரைந்த கை. அந்த நெட்டைக்கு முழங்கையோடு நின்றிருக்கும். நிற்கட்டும்.

"அப்போ உங்களுக்கு?"

"எனக்குக் கோட் வேண்டாம். வேற ரோல். ஹிஸ்டாரிக்கலா நான் சிப்பாய் வரிசைல நின்னா ஆதென்டிக்கா இருக்காதுன்னு டக் சொல்லுதாரு. கர்னல் டென்ட்லயே இருக்கணும். எப்பவும் அவர் கூடவே. அதுல்லா பெரிசு? துப்பாக்கி தூக்க வேண்டாம், வெயில்ல கம்பளி போட வேண்டாம்."

"டென்ட்ல என்ன பண்ணணும்?"

"காப்பி குடுக்கணும். குதிரயப் பிடிச்சுக்கிடணும். சும்மா, கேம்ப் அசிஸ்டென்ட் மாதிரி."

நித்யா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள், "தட்ஸ் கால்ட் எ ஸ்லேவ், அப்பா."

"நீ ஹோம்வொர்க்க முடி."

அதோடு போயிற்றா? டக்குடைய மனைவி லிண்டா இவரிடமே ஒரு கட்டுத் துணி கொடுத்தனுப்பியிருக்கிறாள். என் தையல் அத்தனை அழகாம். இன்னும் மூன்று கோட் வேண்டுமாம். பையோடு கராஜில் தள்ளினேன்.

தலைவலி. தைலம் தீர்ந்துவிட்டது.

ஏப்ரல் 10, சனி

வெயில். சாலையோரம் முழுக்க நீலப் பூ. கண்ணுக்கு அழகு, மனசுக்கு ஒன்றுமில்லை. காலை எட்டுக்கே பார்க். பீரங்கி, கூடாரம், எலுமிச்சை ஜூஸ் கடை, எங்கு பார்த்தாலும் அந்தக் கொடி. போகமாட்டேன் என்றுதான் இருந்தேன். ஃபேமிலியோடு வரச் சொன்னார் டக் என்று மூன்று நாள் நச்சரிப்பு.

கர்னல் கூடாரத்தின் முன் மேஜை. டக் நாற்காலியில், தங்கக் கயிறு வைத்த கோட், ஒட்டுமீசை. பின்னால் இவர். பழுப்புச் சட்டை, கோடு போட்ட அரைக்கோட்டு, கையில் தகரத் தட்டு, கக்கத்தில் துண்டு.

துண்டு யார் கொடுத்தது என்று பிறகு கேட்டேன். யாரும் கொடுக்கவில்லையாம். தானாகவே எடுத்து வைத்துக்கொண்டாராம்.

எனக்குத்தான் தெரியுமே எங்கே பார்த்தது என்று. அம்பாசமுத்திரத்தில் மாமனார் வீட்டுப் பின்வாசல். வயல்வேலை பார்க்கிற மாடசாமி அப்படித்தான் நிற்பார். மாமனாரைவிட மூத்தவர். தோளில் கிடக்கிற துண்டு ஐயா தலை தெரிந்ததும் கக்கத்துக்குப் போகும், முதுகு ஒரு வளைவு வளையும், கண் தரைக்கு வரும். கல்யாணமாகிப் போன புதிதில் எனக்கு அது புதிசு. இவருக்கு அது பிறந்ததிலிருந்து பார்த்தது. யாரும் சொல்லித் தராமலே அச்சு அசலாக வந்துவிட்டது. அதே வளைவு, அதே கண். டக் சந்தோஷப்பட்டார், என்ன ஒரு நடிப்பு என்று முதுகில் தட்டினார்.

கோபமா அவமானமா தெரியவில்லை. இரண்டும்தான்.

ஒரு கறுப்பினக் குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, தள்ளுவண்டியில் குழந்தை. தெரியாமல் வந்தவர்கள் போல, கொடியைப் பார்த்ததுமே அந்த அம்மா திரும்பிவிட்டாள். அந்த ஆள் மட்டும் நின்று இவரையே பார்த்தார். கிட்டே வந்து மெதுவாகக் கேட்டார், "தம்பி, இதுக்குக் காசு தர்றாங்களா?"

இவர் சிரித்துக்கொண்டு, "நோ நோ, ஐ ஆம் எ வாலன்டியர். ஐ ஆம் எ சாஃப்ட்வேர் இன்ஜினியர்" என்றார். தட்டை இன்னும் கையில் பிடித்திருந்தார்.

அந்த மனிதர் என்னையும் நித்யாவையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தள்ளுவண்டியைத் திருப்பினார்.

நித்யா எங்கே என்று தேடினால் காருக்குள். கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் வகுப்புப் பையன் ஒருத்தன் குடும்பத்தோடு வந்திருக்கிறான். அந்த டென்ட்டில் நிற்பது உன் டாடியா என்று கேட்டானாம். இல்லை என்று சொல்லிவிட்டாளாம்.

அதை இவரிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 13, செவ்வாய்

காற்று. லைப்ரரி. உள்ளூர் வாரப் பத்திரிகையில் ஷோ படம், கர்னலும் பின்னால் இவரும். டெனிஸ் அந்தப் பக்கம் உள்ளே போகிற மாதிரி மடித்து வைத்திருந்தார். எனக்காகத்தான்.

விசா, நவம்பர், கையெழுத்து என்று ஆரம்பித்தேன். கை காட்டி நிறுத்தினார்.

"எனக்குச் சொல்லவேண்டியதில்லை, கோமதி. உன் பொண்ணுக்குச் சொல்லு."

பாத்ரூமில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அழவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்துத் திட்டினேன், தமிழில், தாராளமாக.

டக் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மே மாதம் பெரிய கேம்ப் இருக்கிறதாம், அது முடிந்ததும் உட்கார்ந்து பேசலாமாம். கழுதைக்கு முன்னால் கேரட் தொங்கவிடுகிறான் அந்தக் கர்னல். இவருக்கு அது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் நடக்கிறார்.

ஏப்ரல் 16, வெள்ளி

குளிர் திரும்பவும். லிண்டா போட்டோ பிரிண்ட் போட்டு அனுப்பியிருக்கிறாள். தெளிவான படம். டக் கால் மேல் கால் போட்டு, பின்னால் இவர் துண்டோடு.

மாமனாரிடம் போனில் வேறு கதை ஓடியிருக்கிறது. "மிலிட்டரி டிராமாப்பா. கர்னலுக்கு அடுத்த எடம் எனக்குத்தான்." பொய் என்றும் சொல்ல முடியாது. அவர் போட்டோ கேட்கிறாராம், ஊரில் காட்டவேண்டுமாம்.

"என்ன மட்டும் வெட்டி அனுப்பு. மூஞ்சி தெரிஞ்சாப் போதும். தட்டு, துண்டு தெரிய வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போனார்.

அப்போ தெரிகிறதே. டென்ட்டில் நிற்கும்போது தெரியாதது அம்பாசமுத்திரம் என்றதும் தெரிகிறது. டெனிஸ் பார்த்தால் பரவாயில்லை, பெற்ற மகள் பார்த்தால் பரவாயில்லை, ஐயா பார்க்கக் கூடாது.

கத்தரிக்கோல் மொண்ணை. வெட்டாமல் கவரில் போட்டு ஒட்டினேன். போஸ்ட் ஆபீஸில் கூட்டமே இல்லை.

ராத்திரிக்கு ரசம், அப்பளம். நன்றாகச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 25, ஞாயிறு

ஆலங்கட்டி மழை, காரில் சொட்டை. இன்சூரன்ஸுக்கு போன் பண்ணணும்.

லிண்டா கூப்பிட்டாள். குரலில் தேன். மே கேம்ப்புக்கு நானும் நித்யாவும் காஸ்ட்யூமில் வந்தால் எத்தனை பொருத்தமாக இருக்கும். நான் கேம்ப் அடுப்பங்கரையில், தலையில் துணி கட்டி. நித்யா தண்ணீர் மொண்டு கொடுக்கிற சிறுமி. "சிவா ஏற்கெனவே சரின்னு சொல்லிட்டாரே" என்றாள்.

சிவகுருநாதனை அவர்கள் சிவா ஆக்கியிருக்கிறார்கள். போனை வைத்ததும் சிவாவைக் கேட்டேன்.

"ஒரு நாள்தான. அவ பாட்டுக்குத் தண்ணி குடுக்கப் போறா. அதுல என்ன வந்துட்டு? சைன் ஆயிட்டுன்னா அப்புறம் டக்காவது மண்ணாவது."

"நித்யா வரமாட்டா. நானும் வரமாட்டேன்."

"நவம்பர்ல பெட்டி கட்டறதுக்கு ரெடியா இரு அப்போ."

"இருக்கேன்."

இருக்கிறேனா? நித்யாவின் ஸ்கூல், பாட்டு வகுப்பு, எனக்கென்று ஒரு கார் ஓட்டும் லைசென்ஸ், டெனிஸ். ஊருக்குப் போனால் அந்தப் பின்வாசல் வீடு. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் பிள்ளை அங்கே தண்ணீர் மொள்ளமாட்டாள்.

மே 2, ஞாயிறு

புழுக்கம். காலையில் காலிங் கார்டு போட்டு ஊருக்குப் பேசினார். நான் அடுப்படி போனை எடுத்து வைத்துக்கொண்டேன். கவர் போய்ச் சேர்ந்திருக்கும் என்று தெரியும்.

"போட்டோ வந்துது" என்றார் மாமனார். லைன் போய்விட்டதென்று இவர் ஹலோ ஹலோ என்றார்.

"எலே, முன்னால உக்காந்திருக்கவன் யாரு?"

"அதான்ப்பா கர்னல். எங்க மேனேஜர்."

"பின்னால கக்கத்துல துண்ட வெச்சிட்டு நிக்கது?"

இவர் நித்யாவை டிவியைக் குறைக்கச் சொன்னார்.

"ஒனக்கு ஒரு நாற்காலி கூடவாலே போடல அந்த ஊர்ல?"

கிழவர் குரல் உடைந்துவிட்டது. நான் கேட்டதே இல்லை அப்படி. பாவமாக இருக்க வேண்டும் எனக்கு, இருந்தது, ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"மாமா, நான் கோமதி பேசுதேன். மாடசாமி நம்ம வீட்ல உக்காந்து நான் பாத்ததில்லயே."

"அது வேற" என்றார் உடனே.

டக்கிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவார், இங்கிலீஷில். இவர் போனை வைத்துவிட்டார். அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"வெட்டச் சொன்னேன்ல?"

"கத்தரிக்கோல் மொண்ணை."

அடிக்க வருவாரோ என்று ஒரு கணம். வரவில்லை. கராஜுக்குப் போய்ப் புல் வெட்டுகிற மெஷினை எடுத்தார். வெட்டின இடத்தையே திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டிருந்தார்.

மே 5, புதன்

பேச்சுவார்த்தை கிடையாது. நித்யா தபால்காரி வேலை பார்க்கிறாள். "அம்மா, அப்பா வான்ட்ஸ் டு நோ வேர் இஸ் த ஊறுகாய்."

லிண்டாவின் துணியைப் பையோடு அவள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். நானே காரை ஓட்டிப் போனேன். பெல் அடிக்கவில்லை. அவர்கள் நாய் ஜன்னலிலிருந்து குரைத்தது, நானும் ஒரு முறைப்பு முறைத்தேன்.

பால் இல்லை. கரன்ட் பில். நித்யாவுக்கு ஷூ.

மே 8, சனி

இருட்டு விலகும்போதே எழுந்துவிட்டார். பழுப்புச் சட்டை, கோடு போட்ட அரைக்கோட்டு. போகத்தான் போகிறார். படுத்தபடியே பார்த்தேன், கேட்கவில்லை. என்ன மனுஷன் என்று மனசுக்குள் ஒரு பாட்டம்.

கராஜில் ஏதோ தட்டுமுட்டுச் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தால், நித்யாவின் ஸ்விம்மிங் கிளாஸுக்குக் கொண்டுபோகிற மடக்கு நாற்காலியை டிரங்கில் வைக்கிறார். பச்சைக்கோடு போட்ட பிளாஸ்டிக் நாற்காலி. டிரங்க் மூடவில்லை, அழுத்தி மூடினார். போய்விட்டார்.

துணி துவைத்தேன். இட்லிக்குப் போட்டேன். மணியைப் பார்க்கக் கூடாது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பத்தரைக்கே திரும்பிவிட்டார். ஷோ சாயங்காலம் வரை. ஷூவைக் கழற்றாமல் ஹாலில் வந்து உட்கார்ந்தார். நித்யா படியில்.

"உக்காந்தேன்" என்றார். என்னிடம்தான், ஆறு நாளைக்குப் பிறகு.

"எங்க?"

"கர்னல் பக்கத்துல. நாற்காலிய விரிச்சுப் போட்டு."

"டக் என்ன சொன்னாரு?"

"ஆதென்டிக்கா இல்லயாம். எந்திரிக்கச் சொன்னாரு. ஜனங்க பாக்காங்க, எந்திரி சிவான்னாரு."

"எந்திரிச்சீங்களா?"

"இல்ல. அவர்தான் எந்திரிச்சுப் போனாரு."

"சைன்?"

கையை விரித்தார். மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று எனக்கும் புரிந்தது, அவருக்கும். நித்யா இறங்கி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள், ஒட்டினாற்போல். அவர் தோளில் அந்தத் துண்டு இன்னும் கிடந்தது, அதை எடுத்து வாஷிங் மெஷினில் போட்டாள்.

"ஒரு வாய் காப்பி குடு கோமதி" என்றார்.

டிகாஷன் இறங்கியிருக்கிறது, பால் அடுப்பில், போய்க் கலந்துகொள்ளுங்கள் என்றேன். எனக்கும் சேர்த்து.